விரிசல் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது? சென்சார் எண்ணிலிருந்து கணக்குப் போடும் முறை

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு தடுப்புச் சுவர். அதன் விரிசலுக்குக் குறுக்கே கிராக்மீட்டர் (விரிசலின் நகர்வை அளக்கும் சென்சார்) மாட்டியாயிற்று. தொடக்கத்தில் ரீடவுட் பெட்டி (சென்சாரின் எண்ணைக் காட்டும் கருவி) காட்டியது 4210. இப்போது காட்டுவது 4258. விரிசல் விரிந்ததா? விரிந்தால் எவ்வளவு? வித்தியாசத்தைச் சென்சாரின் கெழுவால் (எண்ணை மி.மீ. ஆக்கும் பெருக்கெண்) பெருக்கிப் பார்த்தால் 0.49 மி.மீ. என்று வரும். அதை அப்படியே அறிக்கையில் எழுதினால் கிட்டத்தட்ட பாதி பொய்யாகிவிடும். ஏன் என்பது கீழே கணக்கோடு வருகிறது.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் சென்சாரின் கெழு 25.00 ஆ, 25.12 ஆ என்பதிலேயே மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கெழு அரை சதவீதம் தப்பாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விரிசல் 0.30 மி.மீ. நகர்ந்திருந்தால் அதனால் வரும் பிழை 0.0015 மி.மீ. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கைக் கவிழ்ப்பவை வேறு மூன்று: பூஜ்ஜியம் (ஒப்பிடுவதற்கான தொடக்க ரீடிங்) எடுத்த நேரம், வெப்பம், சென்சார் பார்க்கும் திசை. இந்த மூன்றிலும் 0.1 முதல் 0.5 மி.மீ. வரை சத்தமில்லாமல் தப்பலாம். கவனத்தை அங்கே வையுங்கள்.

எந்த சென்சார்

சேலத்தில் அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துச் செங்கல் சுவர் வீடுகளுக்கு 12 அல்லது 25 மி.மீ. நீட்டம் (தண்டு நகரக்கூடிய மொத்தத் தூரம்) உள்ள ஸ்பிரிங் வைத்த பொட்டென்ஷியோமீட்டர் சென்சார் (தண்டு நகர வோல்ட் மாறும் வகை) போதும். ஒரு வருடம், இரண்டு வருடம் பார்க்க அது தாங்கும். செலவு குறைவு, கையிலேயே டேட்டாலாகர் (ரீடிங்கைத் தானே பதிவு செய்யும் பெட்டி) கட்டிக்கொள்ளலாம். மலையில், மூடுபனியிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடக்க வேண்டிய தடுப்புச் சுவருக்கு வைப்ரேட்டிங் வயர் கிராக்மீட்டர்தான் சரி. அது அனுப்புவது அதிர்வெண். கேபிள் 200 மீட்டர் போனாலும், இணைப்பில் கொஞ்சம் மின்தடை ஏறினாலும் அதிர்வெண் மாறாது.

பெரிய நீட்டம் வாங்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். வைப்ரேட்டிங் வயர் வகையில் துல்லியம் பொதுவாக முழு நீட்டத்தில் 0.1 சதவீதம். 50 மி.மீ. சென்சாருக்கு அது 0.05 மி.மீ. மயிரிழை விரிசலுக்கு 100 மி.மீ. சென்சார் மாட்டுவது, அரிசி மண்டித் தராசில் தங்கம் நிறுப்பதுதான்.

பொருத்துவதும் பூஜ்ஜியமும்

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னது போல இருக்கும்.

வீட்டுச் சுவரில் பூச்சின் மேல் ஆங்கர் (சென்சாரின் முனையைச் சுவரில் பிடிக்கும் முளை) அடிக்கக் கூடாது. பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்து நிற்கும். சென்சார் பூச்சு நகர்வதை அளக்கும், சுவரை அல்ல. விரிசலின் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை வெட்டி எடுத்து, செங்கல்லின் நடுவில் துளை போடுங்கள். கலவை இணைப்பில் போட்டால் ஆங்கர் ஆடும்.

மலையில் கதை வேறு. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் வகைக் கருங்கல். ஹேமர் டிரில் இல்லாமல் 12 மி.மீ. பிட் உள்ளே போகாது. கல்லில் ஆங்கர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அந்தக் கல்லே சுவரில் பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒழுங்கற்ற கல் கட்டில் விரிசல் கல்லைப் பிளக்காது, கலவை வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகும். துளை போடுமுன் இருபக்கக் கல்லையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று கேட்டால் சரி. ‘டொக்’ என்று கேட்டால் அடுத்த கல்லுக்குப் போங்கள்.

துளையைத் தூசி போக ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, எபாக்ஸி வைத்து ஆங்கரை நிறுத்துங்கள். சேலம் வெயிலில் சில மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸி, ஏற்காட்டு மார்கழிக் குளிரில் மறுநாள் காலையிலும் பிசுபிசுக்கும். அங்கே முழுசாக 24 மணி நேரம் விடுங்கள், ஈரம் இருந்தால் 48. அவசரப்பட்டு சென்சாரை மாட்டினால் அதன் ஸ்பிரிங் ஆங்கரை இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் முழுக்க ‘விரிசல் மூடுகிறது’ என்று வரைபடம் காட்டும்.

சென்சாரின் தண்டை எங்கே நிறுத்துவது? விரிசல் விரியும் என்று எதிர்பார்த்தால் நீட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாவிட்டால் நடுவில். இரு முனைகளிலும் பத்துப் பத்து சதவீதத்தைத் தொட வேண்டாம், பொட்டென்ஷியோமீட்டர் அங்கே நேர்கோட்டில் நடக்காது.

பூஜ்ஜிய ரீடிங் மாட்டிய கையோடு எடுப்பதல்ல. மாட்டுவது பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு முடியும். அப்போது சுவரின் வெளித்தோல் 38 டிகிரி, உள்ளே 31, நிழல் பக்கம் 29. அந்த நேரத்து எண்ணோடு எதை ஒப்பிட்டாலும் தப்புதான் வரும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் சுவர் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். தொடர்ந்து மூன்று விடியலில் ரீடிங்கும் வெப்பமும் எடுத்து, சராசரியைப் பூஜ்ஜியமாக வையுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டி வராவிட்டால் ஆங்கர் இன்னும் நிலைக்கவில்லை என்று அர்த்தம். இன்னும் மூன்று நாள் பாருங்கள்.

அந்தப் பூஜ்ஜியத்தைத் தேதி, நேரம், வெப்பம், சென்சாரின் சீரியல் எண்ணோடு இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். ஒன்று நோட்டில், இன்னொன்று பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பெயிண்ட் பேனாவால். கணினி போனாலும் சுவர் போகாது.

பொட்டென்ஷியோமீட்டர்: விகிதம் போதும், வோல்ட் வேண்டாம்

இதில் மூன்று கம்பி: சப்ளை, கிரவுண்டு, நடுவில் நகரும் முள். முள்ளில் வரும் வோல்ட்டை மட்டும் அளந்து மி.மீ. ஆக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு. பேட்டரி இறங்கி 3.3 வோல்ட் சப்ளை 3.2 ஆனால், தண்டு அசையாமலே முள்ளின் வோல்ட்டும் 3 சதவீதம் குறையும். 25 மி.மீ. சென்சார் நடுவில் நின்றால் அது 0.38 மி.மீ. பொய் நகர்வு. மழைக்காலத்தில் சோலார் சரியாக ஏறாமல் பேட்டரி இறங்கும். அதே நேரம் சுவரும் நகரக்கூடும். இரண்டையும் பிரித்தறிய வழியே இருக்காது. ஆகவே சப்ளையையும் முள்ளையும் சேர்த்தே அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் போர்டின் சொந்த ஏடிசி (வோல்ட்டை எண்ணாக்கும் சுற்று) 10 பிட், 1024 படி. 25 மி.மீட்டரை 1024 ஆல் வகுத்தால் ஒரு படி 0.024 மி.மீ. அவசரத்துக்கு ஆகும். ஈஎஸ்பி 32 என்ற இன்னொரு போர்டின் ஏடிசி நேர்கோட்டில் நடக்காது, இந்த வேலைக்கு அதை விட்டுவிடுங்கள். ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் சில்லு உள்ள போர்டு எளிதில் கிடைக்கும். அதை 4.096 வோல்ட் எல்லையில் வைத்தால் ஒரு எண் 0.125 மில்லிவோல்ட். 3.3 வோல்ட் சப்ளையில் 25 மி.மீ. சென்சாருக்கு அது 0.001 மி.மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எல்லையை 2.048 இல் வைத்துவிட்டால் எண் 32767 இல் போய் முட்டி நிற்கும். சென்சார் கெட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கு இப்படி. பூஜ்ஜியம் எடுத்த அன்று முள் 13200, சப்ளை 26400. விகிதம் 0.5000. இப்போது முள் 13412, சப்ளை 26352. விகிதம் 0.50896. வித்தியாசம் 0.00896. இதை 25 ஆல் பெருக்கினால் 0.224, அதாவது 0.22 மி.மீ. சப்ளை மாறியதைக் கண்டுகொள்ளாமல் 26400 ஆலேயே வகுத்திருந்தால் 0.20 வந்திருக்கும்.

அந்த 25 உண்மையில் 25 தானா? ஒருமுறை மேசையில் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. மைக்ரோமீட்டரின் தலையை ஒரு சட்டத்தில் பூட்டி, சென்சாரின் தண்டை அது தள்ளும்படி வைத்து, 2.5 மி.மீ. க்கு ஒரு ரீடிங் என்று ஏறுமுகமாகவும், பிறகு இறங்குமுகமாகவும் எடுங்கள். 2.5 இல் விகிதம் 0.1012, 22.5 இல் 0.8974 என்று வந்தால் கெழு 20 ÷ 0.7962 = 25.12. எல்லாப் புள்ளிகளையும் எக்செலில் போட்டு சரிவைக் கேட்பது இன்னும் நல்லது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே இடத்தில் 0.02 மி.மீ. க்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டமோ தண்டோ ஆடுகிறது. சென்சாரைக் குறை சொல்லுமுன் திருகுகளைப் பாருங்கள்.

ஆறாம் மாதத்தில் வரும் ஒரு தொல்லை: கிரவுண்டு கம்பியின் இணைப்பில் பச்சைத் துரு. 5 கிலோ ஓம் சென்சாரில் கிரவுண்டு பக்கம் 20 ஓம் ஏறினாலே 0.05 மி.மீ. பொய் நகர்வு வரும். துரு மெதுவாக ஏறுவதால், விரிசலே மெல்ல மெல்ல விரிவது போல அழகான கோடாக வரைபடத்தில் விழும். இணைப்புகளைச் சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வீட்டு ஒயரிங்குக்கே கூடாது.

4–20 மில்லிஆம்ப் வெளியீடு உள்ள சென்சார்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. மின்னோட்டத்தில் 4 கழித்து, 16 ஆல் வகுத்து, முழு நீட்டத்தால் பெருக்க வேண்டும். 25 மி.மீ. சென்சாரில் 12.40 மில்லிஆம்ப் வந்தால் 13.125 மி.மீ. அதிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்தால் நகர்வு. 250 ஓம் மின்தடை வழியே வோல்ட்டாக மாற்றி அளப்பவர்கள் 0.1 சதவீத வகையை வாங்குங்கள். தெருமுனைக் கடையின் 5 சதவீத மின்தடை பெட்டிக்குள் சூடேறும்போது தானும் மாறும். 3.6 மில்லிஆம்புக்குக் கீழே வந்தால் அது நகர்வு அல்ல, கோளாறு. பெரும்பாலும் கம்பி அறுந்திருக்கும். அந்த எண்ணை மி.மீ. ஆக்காமல் காலியாக விடும்படி லாகரில் சொல்லி வையுங்கள்.

வைப்ரேட்டிங் வயர்: டிஜிட் என்றால் என்ன

தம்புராவின் பிருடையைத் திருப்பினால் தந்தி முறுக்கேறிச் சுருதி ஏறுகிறதே, அதே சங்கதிதான். சென்சாருக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி. விரிசல் விரிந்து தண்டு வெளியே வந்தால் ஸ்பிரிங் கம்பியை இன்னும் இழுக்கும், அதிர்வெண் ஏறும். ஆனால் கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் இல்லை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத்தான் நேர் விகிதம். அதனால் ரீடவுட் பெட்டிகள் அதிர்வெண்ணை வர்க்கமாக்கி 1000 ஆல் வகுத்து ஒரு எண் காட்டும். அதற்குத்தான் டிஜிட் என்று பெயர்.

4210 டிஜிட் என்பது 2051.8 ஹெர்ட்ஸ். 4258 டிஜிட் என்பது 2063.5 ஹெர்ட்ஸ். டிஜிட்டில் 48 வித்தியாசம், ஹெர்ட்ஸில் 11.7 தான். சென்சாரோடு வரும் தயாரிப்பாளரின் சான்றிதழில் கெழு ‘ஒரு டிஜிட்டுக்கு 0.0102 மி.மீ.’ என்று இருக்க, லாகரோ ஹெர்ட்ஸை அனுப்பிக்கொண்டிருந்தால், நகர்வு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி 0.12 என்று வரும். எண் நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. லாகரின் முதல் எண்ணைப் பார்த்ததும் கால்குலேட்டரில் வர்க்கம் போட்டு, கையில் உள்ள ரீடவுட் பெட்டியோடு ஒப்பிடுங்கள். சான்றிதழில் கெழு மி.மீட்டரிலா அங்குலத்திலா என்பதையும் பாருங்கள். அங்கே தப்பினால் 25.4 மடங்கு.

இனி மேலே சொன்ன தடுப்புச் சுவரின் கணக்கு, சென்சார் 50 மி.மீ. நீட்டம். பூஜ்ஜியம் 4210 டிஜிட், 24.6 டிகிரி. இப்போது 4258 டிஜிட், 14.1 டிகிரி.

வெறும் நகர்வு: 48 × 0.0102 = 0.4896 மி.மீ.

இனி வெப்பத் திருத்தம். குளிரில் சென்சாரின் உள்பாகங்களும் சுருங்கும். அது விரிசல் விரிந்தது போலவே ரீடிங்கை ஏற்றும். பல தயாரிப்பாளர்கள் திருத்தக் கெழுவை இப்படிக் கணக்கிடச் சொல்வார்கள்: இப்போதைய டிஜிட்டை ஒரு எண்ணால் பெருக்கி, இன்னொரு எண்ணைக் கூட்டி, வருவதைச் சென்சார் கெழுவால் பெருக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் சென்சாரின் வகைக்கு ஏற்ப மாறும், கையேட்டில் இருக்கும். அவை 0.0004, 0.4 என்று வைத்துக்கொண்டால்:

4258 × 0.0004 = 1.703. கூட்டல் 0.4 = 2.103. பெருக்கல் 0.0102 = ஒரு டிகிரிக்கு 0.02145 மி.மீ.

வெப்ப மாற்றம் 14.1 − 24.6 = −10.5 டிகிரி. திருத்தம் −0.2252 மி.மீ.

திருத்திய நகர்வு: 0.4896 − 0.2252 = 0.2644 மி.மீ. அறிக்கையில் 0.26 என்று எழுதினால் போதும். மூன்றாம் தசமத்தை எழுதுவது 50 மி.மீ. சென்சாருக்கு இல்லாத பெருமையைச் சேர்ப்பது. கழித்தல் குறியை மறந்து கூட்டிவிட்டால் 0.71 வரும். குளிர்ந்தால் திருத்தம் கழிய வேண்டும், சூடானால் கூட வேண்டும். ஒவ்வொரு முறையும் இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சென்சாரையும் ஆங்கரையும் இணைக்க நீட்டுத் தண்டு போட்டிருந்தால் அதற்குத் தனித் திருத்தம் உண்டு. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. மாறும். 300 மி.மீ. தண்டு, 10 டிகிரி குளிர்ந்தால் 0.036 மி.மீ. இதுவும் அதே திசையில் கழிய வேண்டியது.

சான்றிதழில் இருபடிச் சமன்பாடும் கொடுத்திருப்பார்கள். நீட்டத்தில் பெரும்பகுதி நகரும் விரிசலுக்கு அதுதான் மேல். அதன் கடைசி மாறிலியை அப்படியே எடுத்துப் போட வேண்டாம், அது தொழிற்சாலை மேசையின் பூஜ்ஜியம். இப்போதைய டிஜிட்டுக்கும் பூஜ்ஜிய டிஜிட்டுக்கும் தனித்தனியே சமன்பாட்டைப் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மாறிலி தானே கழன்றுவிடும்.

வெப்பத்தை அளக்க உள்ளேயே தெர்மிஸ்டர் இருக்கும். பெரும்பாலும் 25 டிகிரியில் 3000 ஓம் காட்டும் வகை. மல்டிமீட்டரிலேயே பார்த்துவிடலாம்: 15 டிகிரியில் சுமார் 4714 ஓம், 20 இல் 3748, 30 இல் 2417, 40 இல் 1598. கணினியில் போட, ஓம் மதிப்பின் இயற்கை மடக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.4051 × 10⁻³ உடன், மடக்கையை 2.369 × 10⁻⁴ ஆல் பெருக்கிக் கூட்டி, மடக்கையின் கனத்தை 1.019 × 10⁻⁷ ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள். 1 ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, 273.2 கழித்தால் செல்சியஸ். 3000 ஓம் போட்டு 25 க்கு மிக அருகில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். கேபிள் மின்தடையைப் பற்றிக் கவலை வேண்டாம். 25 டிகிரி அளவில் 10 ஓம் கூடினாலும் பத்தில் ஒரு டிகிரிகூட மாறாது.

வெயில் நேரே சென்சாரின் மேல் விழக் கூடாது. சென்சாரின் மேலோடு சூடான அரை மணி கழித்துத்தான் உள்ளே தெர்மிஸ்டர் சூடாகும். இடைப்பட்ட நேரத்தில் திருத்தம் பின்னால் ஓடி வரும். வெள்ளைத் தகரத்தில் ஒரு மூடி, சென்சாரைத் தொடாமல் விரல் அகல இடைவெளியோடு.

சுவரும் மூச்சு விடும்

மேலே செய்தது சென்சாரின் வெப்பத் திருத்தம் மட்டும். சுவருக்கென்று தனியாக ஒரு மூச்சு உண்டு. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.010 மி.மீ. நீளும், செங்கல் கட்டு அதில் பாதி. சேலத்தில் 8 மீட்டர் நீள மாடித் தளம், சித்திரை வெயிலில் விடியலுக்கும் மதியத்துக்கும் இடையே சராசரியாக 12 டிகிரி சூடானால் 0.96 மி.மீ. நீளும். இரு பக்கமும் பகிர்ந்தால் ஒரு பக்கம் 0.48. தளத்துக்குக் கீழே சுவரில் ஓடும் கிடைமட்ட விரிசல்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். வீடு இடியப் போகிறது என்று பயப்படும் விரிசல்களில் இப்படித் தினமும் போய்த் திரும்பி வருபவை நிறைய.

இந்த மூச்சைக் கழிக்க முதல் மூன்று, நான்கு வாரம் மணிக்கு ஒரு ரீடிங் எடுத்து, நகர்வை நிமிர்ந்த அச்சிலும் சுவர் வெப்பத்தைக் கிடைமட்ட அச்சிலும் வரையுங்கள். சரிவுதான் சுவரின் கெழு. சாதாரண விரிசல் குளிரில் விரியும், வெயிலில் மூடும், ஆகவே சரிவு எதிர்க்குறியில் வரும். ஒரு டிகிரிக்கு −0.021 மி.மீ. என்று வந்ததாகக் கொள்வோம். பூஜ்ஜியத்தில் 26.4 டிகிரி, இப்போது 36.9, ரீடிங் −0.19 மி.மீ. 10.5 டிகிரிக்கு எதிர்பார்க்கும் மூச்சு −0.22. மீதி +0.03. மூடியது போலத் தெரிந்த விரிசல் உண்மையில் நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

புள்ளிகள் கோடாக விழாமல் வாழை இலை போல வளையமாக விழுந்தால், தெர்மிஸ்டர் சுவரின் தோலை அளக்கிறது, சுவரோ தாமதமாகச் சூடாகிறது. தனியாக ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரை 50 மி.மீ. ஆழத்தில் புதைத்து அதன் எண்ணைப் பயன்படுத்துங்கள். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: விடியற்காலை ரீடிங்கை மட்டும் எடுத்து நாளுக்கு நாள் ஒப்பிடுவது. முக்கால்வாசி வீடுகளுக்கு இதுவே போதும்.

அடித்தளம் இறங்கியதால் வந்த விரிசல், அதுவும் கரிசல் கலந்த மண்ணில் என்றால், ஒரு வருடம் முழுதாகப் பார்க்காமல் வாய் திறக்க வேண்டாம். கோடையில் மண் சுருங்கி விரிந்தது, ஐப்பசி மழையில் மண் ஊதித் திரும்பி மூடலாம்.

மலையில் தடுப்புச் சுவருக்கு வெப்பத்தை விட மழைதான் முக்கியம். நகர்வின் கோட்டுக்கு மேலே அதே தாளில் தினசரி மழையளவைப் பட்டையாகப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பெரிய மழைக்கு ஓரிரு நாளில் நகர்வு ஏறி, பிறகு திரும்பாமல் படிக்கட்டு மாதிரி நின்றால், சுவருக்குப் பின்னால் நீர் தேங்கித் தள்ளுகிறது. நீர் வடியும் வீப் ஹோல்கள் மண்ணும் வேரும் அடைத்துக் கிடக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். அதே நாளில் பொறியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

சென்சார் எந்தத் திசையைப் பார்க்கிறது

மாடித் தளம் வெயிலில் நீள்கிறது என்றோமே, அப்போது அது சுவர் மேல் வழுக்கும்; அந்தக் கிடைமட்ட விரிசலுக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே ஒரு சென்சார் மாட்டினால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் காட்டும். சென்சார் தன் நீளவாக்கில் நடப்பதை மட்டுமே பார்க்கும். விரிவு வேறு, வழுக்கல் வேறு.

இரண்டையும் பிடிக்க இரண்டு சென்சார் வேண்டும். ஒன்று விரிசலுக்குச் செங்குத்தாக, இன்னொன்று 45 பாகையில். செங்குத்து சென்சார் காட்டுவது விரிவு. வழுக்கலுக்கு: 45 பாகை சென்சாரின் நகர்வை 1.414 ஆல் பெருக்கி, விரிவைக் கழிக்க வேண்டும். செங்குத்தில் 0.26, சாய்வில் 0.43 என்றால் வழுக்கல் 0.43 × 1.414 − 0.26 = 0.35 மி.மீ. விரிவை விட வழுக்கல் அதிகம். ஒரே சென்சார் வைத்திருந்தால் பெரிய பங்கு கண்ணுக்கே பட்டிருக்காது. சாய்வு சென்சாரை எந்தப் பக்கம் சாய்த்தோம் என்பதைப் படம் வரைந்து அம்புக்குறி போட்டு வையுங்கள். ‘வலது பக்கம் கீழே இறங்கினால் கூட்டல்’ என்பது போல ஒரு வரியும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பணம் இல்லையென்றால் மூன்று ஸ்டெயின்லெஸ் முளைகளை முக்கோணமாக ஒட்டி, டிஜிட்டல் வெர்னியரால் மாதம் ஒருமுறை மூன்று பக்கமும் அளந்தாலே விரிவும் வழுக்கலும் கிடைக்கும். வெர்னியர் 0.01 காட்டினாலும் கைநடுக்கத்தோடு 0.03 வரை தான் நம்பலாம். சென்சார் இருந்தாலும் அதன் பக்கத்தில் இரண்டு முளை ஒட்டி வைப்பது புத்திசாலித்தனம். சென்சார் 0.8 என்று சொல்லி, வெர்னியர் அளவில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், யார் பொய் சொல்கிறார்கள் என்று உடனே தெரியும். கொத்தனார்கள் விரிசல் மேல் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். அது உடைந்தால் ஏதோ நகர்ந்தது, அவ்வளவே. எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. மதிய வெயிலுக்கே உடைந்தும் போகும்.

எண் முரண்டு பிடிக்கும்போது

வெப்பம் திடீரென 85 டிகிரி என்று வந்தால் தீப்பிடிக்கவில்லை. டிஎஸ்18பி20 மின்சாரம் வந்ததும் அளந்து முடிக்குமுன் காட்டும் எண் அது. அந்த சென்சாரைப் படிக்கும் ஆயத்த நிரலில் (லைப்ரரி) −127 வந்தால் கம்பி விட்டுப்போயிற்று. இவற்றை வடிகட்டாமல் திருத்தத்தில் விட்டால், மேலே கண்ட −0.021 கெழுவில் 27 டிகிரிக்குப் பதில் 85 போட்டதற்கே 1.2 மி.மீ. விரிசல் ‘திறக்கும்’. நடுராத்திரியில் எச்சரிக்கைச் செய்தி பறக்கும்.

விசைத்தறி ஓடும் தெருவில் சுவர் நாளெல்லாம் அதிரும். ஒரே ரீடிங் எடுக்காமல் பத்து எடுத்து, வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை வையுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு கெட்ட எண் சராசரியை இழுத்துவிடும். முடிந்தால் தறி நிற்கும் நேரத்தில் எடுங்கள்.

மலைப்பாதையில் குரங்குகள் கேபிளைப் பிடித்துத் தொங்கும். ரீடிங் ஒரே நொடியில் படியாக ஏறி அங்கேயே நின்றால் விரிசலைப் பார்க்குமுன் கேபிளைப் பாருங்கள். கேபிளை ஜிஐ குழாய்க்குள் விட்டு, ஆங்கருக்கு அருகே தளர்வாக ஒரு வளையம் விடுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், நுழையுமுன் கீழே தொங்கி ஏற வேண்டும், அப்போதுதான் மழைநீர் சொட்டிவிடும். கோடை இடிக்கு சர்ஜ் அரெஸ்டர் அவசியம். கேபிளின் உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் செய்தால் உறை வழியே மின்னோட்டம் ஓடி ரீடிங்கைக் கெடுக்கலாம்.

எந்த அளவுக்கு மேல் நகர்வு என்று நம்புவது? எதுவும் நடக்காத ஒரு வாரத்தின் விடியற்கால எண்களை எடுத்து அவற்றின் திட்ட விலக்கத்தை (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) பாருங்கள். அதன் மூன்று மடங்குக்குள் இருப்பவை இரைச்சல். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456:2000 சொல்லும் 0.3 மி.மீ. என்பது கான்கிரீட் விரிசலின் அகலத்துக்கான பொது எல்லை, நகர்வுக்கானது அல்ல. அதை எச்சரிக்கை எல்லையாக லாகரில் போடுபவர்கள் இருக்கிறார்கள். எல்லையை நிர்ணயிக்க வேண்டியவர் கட்டடத்தைப் பார்த்த பொறியாளர். அவருக்கு மொத்த நகர்வோடு வாரத்துக்கு எவ்வளவு என்ற வேகத்தையும் கொடுங்கள்.

அட்டவணையில் நெடுவரிசைகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: தேதியும் நேரமும், சென்சாரின் மூல எண், தெர்மிஸ்டரின் ஓம், வெப்பம், வெறும் நகர்வு, சென்சார் திருத்தம், சுவர் திருத்தம், இறுதி நகர்வு, குறிப்பு. மூல எண்ணை எந்தக் காரணத்துக்கும் அழிக்கவோ மாற்றவோ வேண்டாம். கெழு தப்பு என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தாலும், மூல எண் இருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடலாம். மி.மீ. மட்டும் சேமித்திருந்தால் அந்த வருடம் போனதுதான்.

சென்சாரை மாற்ற நேர்ந்தால் பழைய சென்சாரின் கடைசி நல்ல நகர்வை, முடிந்தால் விடியலில் எடுத்ததை, குறித்துக்கொள்ளுங்கள். புதியதற்குப் புதிய சான்றிதழ், புதிய கெழு, புதிய பூஜ்ஜியம். இனி நகர்வு = பழைய கடைசி நகர்வு + புதிய கெழு × (இப்போதைய எண் − புதிய பூஜ்ஜியம்). பழையது 1.34 இல் நின்று, புதியது 0.05 காட்டினால் எழுத வேண்டியது 1.39. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் சுவர் நகர்ந்ததா என்பதை வெர்னியர் முளைகள்தான் சொல்லும். அந்த அளவையும் குறிப்பு நெடுவரிசையில் சேர்த்துவிடுங்கள்.